பி.எல்.சி. வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் வந்தது. இன்று அங்கே மெஷின் பார்க்கப் போகிறவர் ஸ்பேனரோடு லேப்டாப்பும் எடுத்துப் போகிறார். அதில் இன்டர்நெட்டுக்கு வைஃபை, மெஷினுக்கு லேன் கேபிள். சாஃப்ட்வேர் எந்த வழியில் பேசுகிறது என்று தெரியாமல் பி.எல்.சி.யோடு ஆன்லைன் போகாதீர்கள் தம்பி.

1. பெரும்பாலான சாஃப்ட்வேருக்கு வழியைத் தீர்மானிப்பது விண்டோஸ்தான். போக வேண்டிய ஐ.பி.க்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் ரூட்டை எடுக்கும். இரண்டு சமமானால் மெட்ரிக் குறைந்தது ஜெயிக்கும். கமாண்ட் பிராம்ப்டில் 'ரூட் பிரிண்ட்' அடித்துப் பாருங்கள்.

2. மெஷின் பக்க அடாப்டரில் டீஃபால்ட் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். பட்டரவாக்கம், திருமுல்லைவாயில் பக்கம் நான் அதிகம் பார்த்த கோளாறு அங்கே கேட்வே கொடுத்திருப்பதுதான். கேபிளின் மெட்ரிக் வழக்கமாக வைஃபையைவிடக் குறைவு. கேட்வே கொடுத்தால் இன்டர்நெட்டுக்குப் போக வேண்டியதும் கேபிளில் போய் நிற்கும். மெயில் வராது, எல்லோரும் வைஃபையைத் திட்டுவார்கள்.

3. ஆபீஸ் ரவுட்டரும் 192.168.0.1, பி.எல்.சி.யும் 192.168.0.1 என்று அமைவது சகஜம். அப்போது ஓடுகிற மெஷினின் ஐ.பி.யில் கை வைக்காதீர்கள். டச் ஸ்கிரீனும் டிரைவும் அந்த எண்ணை நம்பியிருக்கின்றன. ஆபீஸ் வைஃபையை விட்டு போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்கள். அது பெரும்பாலும் வேறு வரிசை முகவரி தரும்.

4. சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டலில் அடாப்டரை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும், பி.ஜி./பி.சி. இன்டர்ஃபேஸ் என்ற இடத்தில். அங்கே வருவது ஹார்ட்வேர் பெயர். யூ.எஸ்.பி. லேன் கன்வர்ட்டர் செருகியிருந்தால் ரியல்டெக் என்றோ ஏசிக்ஸ் என்றோ காட்டலாம். 'ஐ.பி.கான்ஃபிக் ஆல்' கொடுத்து அந்தப் பெயரை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

5. தேர்ந்தெடுக்க இடமே இல்லாத சாஃப்ட்வேருக்கு ஃபோர்ஸ்பைண்ட்ஐ.பி. என்ற சின்னப் புரோகிராம் உண்டு. ஷாப் ஃப்ளோரில் எனக்கு அதைவிட வைஃபையை அணைத்துவிடுவதே சரி.

6. ஒரே மாதிரி இரண்டு பிரஸ், இரண்டிலும் ஒரே ஐ.பி. இருக்கும் ஷெட்டுகள் உண்டு. கேபிள் மாறினால் உங்கள் புரோகிராம் பக்கத்து மெஷினில் ஏறும். அங்கே ஒருவர் டையில் கை வைத்திருக்கலாம். டவுன்லோடுக்கு முன்னால் ஃபிளாஷ் எல்.இ.டி.யை டிக் செய்து, பேனலைத் திறந்து, எந்த சி.பி.யூ.வில் விளக்கு மினுங்குகிறது என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ஆபரேட்டரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், இந்த இரண்டும் முடியாமல் டவுன்லோட் பட்டனைத் தொடாதீர்கள்.