தெர்மாமீட்டர் காட்டும் நிறை

நம்பிக்கை: நிறையை அறியத் தராசு வேண்டும். தெர்மாமீட்டர் சூட்டை மட்டும்தான் சொல்லும்.

உண்மை: சூடான பொருள் இழந்த வெப்பமும் குளிர்ந்த பொருள் பெற்ற வெப்பமும் சமம் என்பது தெரிந்தால் போதும், நிறை தானாக வந்துவிடும். 30 டிகிரியில் இருக்கும் 200 கிராம் நீரில், 100 டிகிரிக்குச் சூடேற்றிய இரும்புக் குண்டு ஒன்றைப் போடுகிறோம். வெப்பநிலை 35 டிகிரியில் வந்து நிற்கிறது. நீர் பெற்றது 200 × 5, அதாவது 1000 கலோரி. இரும்பு 65 டிகிரி இறங்கியிருக்கிறது. ஒரு கிராம் இரும்பு ஒரு டிகிரி ஆறினால் வெளிவிடுவது 0.11 கலோரிதான். வகுத்தால் குண்டு சுமார் 140 கிராம். இரும்பையும் நீர் போலவே கருதி 1 கலோரி என்று போட்டால் 15 கிராம் என்று வரும்!

நம்பிக்கை: பனிக்கட்டி 0 டிகிரியில் இருப்பதால்தான் நீரைக் குளிர்விக்கிறது.

உண்மை: அதன் பங்கு சொற்பம். பனிக்கட்டி உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் தெர்மாமீட்டர் அசையாது. 1760களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் விளக்கிய இந்த உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 80 கலோரி. அதே 200 கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குக் கொண்டுவர 4000 கலோரியை வெளியேற்ற வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80, உருகிய நீர் 10 டிகிரிக்கு ஏற 10, ஆக 90 கலோரி எடுக்கும். எனவே 44 கிராம் சொச்சம் போதும். உள்ளுறை வெப்பத்தை மறந்தால் விடை 400 கிராம்; நீரைவிட இரு மடங்கு பனிக்கட்டி! இப்படி ஒரு விடை வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். பலர் அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

பாரிசில் 1782–83 குளிர்காலத்தில் விஞ்ஞானிகள் லவாய்சியேயும் லாப்லாசும் செய்தது இந்தக் கணக்குக்கு நேர் தலைகீழ். உருகி வடிந்த நீரை எடைபோட்டு, வெப்பத்தைக் கண்டார்கள். ஒரு கினிப் பன்றியின் உடல் வெப்பத்தைக்கூட அப்படித்தான் அளந்தார்கள்.

நம்பிக்கை: பாத்திரத்துக்குக் கணக்கில் இடமில்லை.

உண்மை: நீரை வைத்திருக்கும் 100 கிராம் தாமிரப் பாத்திரம் (கலோரிமீட்டர்) சுமார் 9 கிராம் நீருக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். அதைச் சேர்த்தால் நம் இரும்புக் குண்டு 146 கிராம் ஆகிவிடும். காற்றுக்குப் போகும் வெப்பம் வேறு இருக்கிறது. ஆகவே குண்டுச் சோதனையை ஆய்வகத்தில் செய்பவர்கள், அறை வெப்பநிலைக்கு எத்தனை டிகிரி மேலே வந்து நிற்குமோ அத்தனை டிகிரி கீழேயிருந்து நீரைத் தொடங்குங்கள். முதலில் உள்ளே வருவதும் பிறகு வெளியே போவதும் பெரும்பாலும் ஈடாகிவிடும்.