இளவயது இனிப்புநீரும் மரபணுவும்

கேள்வி: குடும்பத்தில் யாருக்கும் இனிப்புநீர் இல்லாதபோது எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு வருவது ஏன்? மரபணுதான் காரணமா?
— வாசகர், கிள்ளான்

பதில்: முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு; முழுப் பொறுப்பு இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்து, மற்றவர் கடைசிவரை தப்பிவிடுவதும் உண்டு. நோய் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நெருங்கிய உறவில் வேறு யாருக்கும் அது இருப்பதில்லை.

இந்நோயோடு தொடர்புள்ள மரபணுக்களைத் தேடியதில் முதலில் அகப்பட்டது, 1970களில், ஆறாம் குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ பகுதி. கிருமியின் துணுக்குகளை நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களுக்கு எடுத்துக்காட்டும் புரதங்களுக்கான மரபணுக்கள் இங்குதான் உள்ளன. மரபுவழி அபாயத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஒரு பகுதியைச் சேர்ந்தது. 1980களில் பதினோராம் குரோமோசோமின் இன்சுலின் மரபணு சேர்ந்தது. பிறகு ஆயிரக்கணக்கானோரின் மரபணுத் தொகுதி முழுவதும் அலசப்பட்டு, 2009க்குள் நாற்பதுக்கு மேற்பட்ட இடங்கள் தெரியவந்தன. பெரும்பாலானவற்றின் தனிப்பங்கு அற்பம்.

ஆய்வுக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பது பெரிய குறை. எச்எல்ஏ வகைகளில், இந்தியரிடம் டிஆர்3 வகை முன்னிற்கிறது; சீனரிடம் டிஆர்9 வகைக்கும் இடமுண்டு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் சேர்ந்து வாழும் கோலாலம்பூருக்கு ஐரோப்பியப் பட்டியலை அப்படியே பொருத்துவது சரிவராது.

நோயுற்ற பிள்ளையின் உடன்பிறந்தோருக்குள்ள அபாயத்தை அறிய, மரபணுவைவிட இரத்தத்தில் உள்ள தன்னெதிர்ப்பு ஆன்டிபாடிகளே தெளிவாகச் சொல்லும். அவற்றில் இரண்டு அல்லது அதற்கு மேல் தொடர்ந்து காணப்பட்டால், சர்க்கரை அளவு சரியாக இருந்தாலும் நோய் தொடங்கிவிட்டதாகவே மருத்துவர்கள் கொள்கின்றனர்.