கச்சி மாநகரும் பரமேச்சுர விண்ணகரமும்

சித்திரைத் திருவாதிரை உத்ஸவத்திற்கு ஸ்ரீபெரும்பூதூர் வந்து எம்பெருமானாரை ஸேவித்த அடியார்கள், ஊர் திரும்புமுன் காஞ்சீபுரத்திற்கென ஒருநாள் ஒதுக்குவது வழக்கம். பெங்களூர் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகளின் நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் வாலாஜாபாத் வழியாகச் செல்வர். சென்றவர்கள் வரதராஜனை ஸேவித்து, பட்டுப்புடைவை வாங்கிக்கொண்டு, மாலைக்குள் திரும்பிவிடுகின்றனர். 2019ஆம் ஆண்டு அத்திவரதர் 48 நாட்கள் காட்சியளித்தபோது திரண்ட கூட்டத்தில் பெரும்பாலோரும் அவ்வாறே திரும்பினர். பெருமாளை ஸேவித்தது உண்மை. பல்லவர் தலைநகரைக் கண்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

காஞ்சியைக் காண விரும்புவோர் முதலில் அதன் அமைப்பை மனத்திற் கொள்ளவேண்டும். கிழக்கே சின்னக் காஞ்சி. அத்திகிரியும் திருவெஃகாவும் தூப்புலும் அப்பகுதியில் உள்ளன. மேற்கே பெரிய காஞ்சி. ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன் ஆலயங்களும், நெடிதுயர்ந்த உலகளந்த பெருமாள் ஸந்நிதியும் அங்கே. அதற்கும் மேற்கே ஊரின் எல்லையில் ராஜசிம்மன் எடுப்பித்த கைலாஸநாதர் கோயில். வேகவதிக்கு அப்பால் ஸமணர்களின் திருப்பருத்திக்குன்றம். நூற்றெட்டில் பதினான்கு திவ்யதேசங்கள் இந்த ஒரே நகரில் அடங்கியுள்ளன.

இந்நகரை நாடி வெளியூரார் வருவது புதிதன்று. நான்காம் நூற்றாண்டில் மயூரசர்மன் என்னும் பிராமண இளைஞன் இங்குள்ள கடிகையில் வேதம் பயில வந்தான். பல்லவ வீரன் ஒருவனோடு நேர்ந்த பூசலால் படிப்பை விட்டு வாளேந்தி, கதம்ப அரசையே நிறுவினான் என்று தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. 640ஐ ஒட்டிச் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் வந்தார். சாளுக்கிய விக்கிரமாதித்தன் படையுடன் வந்து நகரைக் கைப்பற்றியும் அழிக்கவில்லை. கைலாஸநாதர் கோயிற் செல்வத்தைக் கண்டு அதனைக் கோயிலுக்கே திரும்ப அளித்ததாக அவ்வாலயத் தூணிலேயே கன்னடத்தில் பொறித்துவைத்தான். பகையரசனின் சாஸனத்தை அழிக்காமல் விட்டவர்களின் பெருந்தன்மையையும் சொல்லவேண்டும்.

ஆயினும் தலைநகரின் கதையைத் தலைநகரே சொல்லும் இடம் ஒன்றுண்டு. அதுவே இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்த பரமேச்சுர விண்ணகரம். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் கட்டுவித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். கீழே வீற்றிருந்தும், நடுவில் சயனித்தும், மேலே நின்றும் எம்பெருமான் ஸேவை ஸாதிக்கிறான். மேல்நிலைகளை எல்லா நாட்களிலும் திறப்பதில்லை.

கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்றில், சிங்கத்தூண்களுக்குப் பின்னுள்ள சுவரில், இரண்டு வரிசையாகச் சிற்பங்கள் செல்கின்றன. புராண உருவங்கள் என்றெண்ணிப் பலர் கடந்துவிடுகின்றனர். அவை பல்லவ வம்ச வரலாறு. பிரம்மாவில் தொடங்கி அரசர் ஒவ்வொருவராகப் பட்டாபிஷேகமும் யுத்தமும் தொடர்கின்றன. இரண்டாம் பரமேச்சுரவர்மன் மறைந்தபின் அரியணைக்கு உரியவர் இல்லாமற் போயிற்று. நகரப் பெரியோரும் கடிகையாரும் பல்லவர் கிளையில் வந்த ஹிரண்யவர்மனிடம் சென்று அரசன் ஒருவனை வேண்டினர். புதல்வர் நால்வரில் மூவர் மறுத்தனர். நான்காமவன் பல்லவமல்லன், “யான் செல்வேன்” என்றான். வயது பன்னிரண்டு. தந்தை தயங்கினான், பெரியோர் தேற்றினர். ஆறும் மலையும் காடும் கடந்து அப்பிள்ளை காஞ்சியை அடைந்தான். 731ஐ ஒட்டி நந்திவர்மன் என்று முடிசூடினான். சிற்பங்களோடு சேர்ந்த கல்வெட்டும் இதனையே கூறுகிறது. ஆக, இக்கோயிலைக் கட்டியவனும் இந்நகருக்குப் புதியவனாக வந்தவனே.

இச்சிற்பங்களை வரிசைப்படி ஆராய்ந்து பொருள் விளக்கியவர் டாக்டர் சி. மீனாட்சி அம்மையார். 1940ல் இளவயதிலேயே அவர் காலமானார். நூல் மறு ஆண்டுதான் அச்சேறியது.

சிற்பங்கள் மணற்கல்லில் அமைந்தவை. கருங்கல்லைப்போல் காலத்தைத் தாங்கும் இயல்பு மணற்கல்லுக்கு இல்லை. பல முகங்கள் ஏற்கெனவே மறைந்துவிட்டன. சில இடங்களில் உருவின் வடிவம் மட்டுமே எஞ்சியுள்ளது. தொல்லியல் துறையின் பாதுகாப்பு இருந்தும், பிரதக்ஷிணம் செய்வோர் சுவரில் கைவைத்துச் செல்வதும், சாய்ந்து அமர்வதும் நிற்கவில்லை. பக்தியோடு தொட்டாலும் கல் தேயவே செய்யும். குழந்தைகளை அழைத்து வருவோர் முன்கூட்டியே சொல்லி வைத்தல் நலம்.

நண்பகலில் நடை சாற்றிவிடுவர். ஆகையால் காலையில் இங்கு முதலில் வந்து, ஒரு மணி நேரமாவது திருச்சுற்றில் நிதானமாக நடந்து, பின்னர் அத்திகிரிக்குச் செல்வது உசிதம். பெருமாள் ஸந்நிதியில் தீபாராதனை ஆனதும் உடனே வெளியேறாமல், அர்ச்சகரிடமோ காவலரிடமோ பல்லவமல்லன் பட்டாபிஷேகச் சிற்பம் எது என்று கேட்டுப் பார்க்கலாம்.