பழைய தோட்டா பிரஸ்: செப்பனிடலாமா?

அமெரிக்காவில் சுட்டு முடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூட்டை மறுபடி நிரப்பிக்கொள்பவர்கள் ஏராளம். அதற்கு உதவும், கைப்பிடியின் ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு தோட்டா தரும் ‘புரோகிரசிவ்’ பிரஸ் பழசாக விலைக்கு வந்தால், துருவைக் கண்டு மிரள வேண்டாம். மேல்துரு எண்ணெயும் எஃகு நாரும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கூடுகளை மேலே ஏற்றும் நடுத்தண்டைத் துடைத்து, உச்சிக்கு ஏற்றி, விரல்களால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினாலோ, சட்டத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ பேரமே பேசாதீர்கள். ஸ்பிரிங், பின் போன்றவை தேய்ந்திருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம்.

உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம். டில்லன் நிறுவனத்தின் 550 மாதிரி இன்றும் பாகம் கிடைக்கும் இயந்திரம் என்றால் தாராளமாகச் செப்பனிடலாம். பாகம் நின்றுபோன மாடல் எவ்வளவு மலிவாக வந்தாலும் எனக்கு வேண்டாம்.

பிரஸின் வெடிமருந்துக் குடுவையில் பழைய மருந்து மிச்சமிருந்தால், விற்பவர் என்ன பெயர் சொன்னாலும் பயன்படுத்தாதீர்கள். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்களுக்கான குழாயில் ஏதாவது சிக்கியிருந்தால் கம்பி விட்டுக் குத்தவே கூடாது, வெடிக்கலாம். சுத்தம் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். பிரஸில் படிந்திருக்கும் கரியில் ஈயம் உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்காதீர்கள்.

550-ஐ இயக்கும்போது, கூடுகளைத் தாங்கும் தட்டைக் கையால்தான் சுழற்ற வேண்டும். மறந்தால் ஒரே கூட்டில் இரட்டை மருந்து விழுந்து துப்பாக்கியே சிதறலாம். ஆகவே குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் வெளிச்சத்தில் எட்டிப் பாருங்கள்.