மூன்று துறைகளின் கடல்



ஒரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அரசு செயல்படவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதும்போது, கோப்புகள் தூசி படிந்து கிடக்க அதிகாரிகள் கைகட்டி அமர்ந்திருப்பது போன்ற ஒரு காட்சி மனத்தில் எழுவது இயல்பு. உண்மையில் அத்தகைய காலத்தில்தான் குழுக்கள் அமைகின்றன, நிதி ஒதுக்கப்படுகிறது, அறிக்கைகள் குவிகின்றன; செயலின்மையோ ஆணை பிறந்த மேசைக்கும் அது நிறைவேற வேண்டிய இடத்துக்கும் நடுவே குடியிருக்கிறது. மும்பைக் கடற்கரையின் வரலாறு இதை நன்கு விளக்கும்.

1993 மார்ச் 12 அன்று பம்பாயில் 257 பேரைப் பலிகொண்ட தொடர் குண்டுவெடிப்புகளுக்கான ஆர்.டி.எக்ஸ். என்னும் வெடிமருந்து, ராய்காட் மாவட்டத்தின் கடற்கரையில், ஷேக்காடி போன்ற சிற்றூர்களில் இறக்கப்பட்டது என்பதும், சுங்கத்துறையினரிலும் காவல்துறையினரிலும் சிலர் அதற்கு வழிவிட்டனர் என்பதும் பின்னர் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழான நீதிமன்றத்தில் நிலைநாட்டப்பட்டன. அதே ஆண்டில் மகாராஷ்டிர, குஜராத் கடற்பகுதிகளில் கூட்டு ரோந்து தொடங்கிற்று. ஆயினும் கடலோரக் காவல் நிலையங்களை அமைக்கும் விரிவான திட்டம் நடைமுறைக்கு வர 2005 ஆயிற்று. 73 நிலையங்கள், 204 படகுகள் என்று அத்திட்டம் காகிதத்தில் நிறைவாகவே இருந்தது. படகு வாங்குவது ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும் வேலை. அதை அலையில் ஓட்டத் தெரிந்த காவலர், டீசலுக்கான தொகை, பழுது நீக்கும் பட்டறை ஆகியவற்றையோ ஆண்டுதோறும் தேடியாக வேண்டும் என்பதால், திட்டத்தின் உயிர் அந்த இடத்தில்தான் தேய்ந்தது.

2008 நவம்பர் 26 இரவு, கராச்சியிலிருந்து புறப்பட்டு நடுக்கடலில் ‘குபேர்’ என்ற இந்திய மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்த பத்துப் பேர், காற்றடைத்த ரப்பர் படகில் கஃப் பரேடு மீனவர் குடியிருப்பருகே கரையேறினர். முதுகில் கனத்த பைகளுடன் இறங்கிய அந்நியரை மீனவர்கள் யாரென்று விசாரித்தனர், எரிச்சலான விடை கிடைத்தது. பத்துப் பேரும் நகருக்குள் கலந்தனர். 166 உயிர்கள் போயின. கடலோரக் காவல் முழுவதிலும் அன்று தன் வேலையைச் செய்தது அந்தக் கேள்வி ஒன்றுதான்.

அதன் பின் சில காரியங்கள் விரைந்தன. தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் ஒரே மாதத்தில் நிறைவேறியது. ஹரியானாவின் மானேசரிலிருந்து புறப்பட்ட தேசியப் பாதுகாப்புப் படையின் அதிரடி வீரர்கள் மறுநாள் காலையில்தான் களமிறங்க முடிந்ததால், 2009இல் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத் நகரங்களில் அப்படைக்கு முகாம்கள் அமைந்தன. மாறாக, தாக்குதலை ஆராய்ந்த ராம் பிரதான் குழு 2009இல் அறிக்கை அளித்த பின்னும், மும்பைத் தெருக்களுக்கான கண்காணிப்புக் கேமராத் திட்டம் நிறைவுபெற 2016 ஆகிவிட்டது.

எல்லாத் தாமதத்தையும் அலட்சியம் என்று சொல்லிவிடுவதும் நேர்மையாகாது. உளவுத் தகவல்களை ஓரிடத்தில் திரட்டுவதற்கான தேசியப் பயங்கரவாத எதிர்ப்பு மையம் 2012இல் அறிவிக்கப்பட்டபோது, ஜெயலலிதா, மம்தா பானர்ஜி, நவீன் பட்நாயக், நரேந்திர மோடி உள்ளிட்ட முதலமைச்சர்கள் அதை எதிர்த்தனர். காவல்துறை அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்க, மத்திய உளவுப் பிரிவின் கீழ் இயங்கும் ஓர் அமைப்புக்குக் கைது செய்யும் அதிகாரம் தரலாமா என்ற அவர்களின் கேள்வி வலுவானது. ஆனால் அந்த அதிகாரத்தை நீக்கி மீதியைக் காப்பாற்றும் இணக்கம் எட்டப்படாமல் மையமே கைவிடப்பட்டதற்கு, இரு தரப்பும் பொறுப்பேற்க வேண்டும்.

கடலுக்கு வருவோம். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர், வரையிலான ஆட்புலக் கடலில் மாநிலக் கடலோரக் காவல் துறையும், அதற்கப்பால் இந்தியக் கடலோரக் காவல்படையும் ரோந்து செல்ல, ஒட்டுமொத்தப் பொறுப்பு 2009இல் கடற்படைக்கு வழங்கப்பட்டது. மூவர் காத்த அந்தக் கடலில், 2011 ஜூலை இறுதியில், ஓமன் அருகே கைவிடப்பட்ட ‘பவித்’ என்ற ஆளில்லாக் கப்பல் வாரக்கணக்கில் மிதந்து வந்து ஜுஹு கடற்கரை மணலில் தட்டி நின்றது. ஆயிரம் டன் இரும்பைக் கவனிக்காத கண்கள் ஒரு ரப்பர் படகை எப்படிக் கண்டிருக்கும் என்ற கேள்விக்கு அன்று எவரும் விடை சொல்லவில்லை.

கப்பல் எங்கிருக்கிறது என்பதைத் தானாகவே அறிவிக்கும் கருவி, 2008க்குப் பின் 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கே கட்டாயமாக்கப்பட்டது. இந்திய மீனவரின் படகுகளில் மிகப் பெரும்பாலானவை அதனினும் சிறியவை. அச்சிறு படகுகளுள் ஒரு லட்சத்துக்குக் கருவி பொருத்தும் திட்டம், மும்பைக்கு வடக்கே அதே மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள பால்கரில் தொடங்கிவைக்கப்பட்டது 2024 ஆகஸ்டில்.