முதல் தன்னார்வலரின் இருமல்



மருந்தாய்வில் பங்கேற்பவருக்கு நேரும் உடல்நலக் கேட்டை, அது மருந்தால்தான் விளைந்தது என்று உறுதிப்பட்ட பின்னரே நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் தவறான கருத்து, விதிகளைக் கரைத்துக் குடித்தவர்களிடத்தும் காணப்படுகிறது. பாதக நிகழ்வு என்பது ஆய்வுக் காலத்தில் பங்கேற்பாளருக்கு நேரும் வேண்டாத உடல்நல மாற்றம் எதையும் குறிக்குமேயன்றி, மருந்தோடு அதற்குள்ள தொடர்பைக் குறிப்பதன்று.

அத்தவறான கருத்தின் ஆபத்துக்கு ஒரு சான்று உண்டு. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், ஆஸ்துமாவின் இயல்பை அறியும் பொருட்டு, நலமுடைய தன்னார்வலர்களை ஹெக்சாமெத்தோனியம் என்னும் வேதிப்பொருளை உள்ளிழுக்கச் செய்தனர். முதலாமவருக்கு வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் கண்டு, சில நாட்களில் அவை தணிந்தன. சளித்தொற்றாக இருக்கலாம் என்று கருதப்பட்டதால் குழுவுக்குச் செய்தி போகவில்லை. மே 4 அன்று அப்பொருளை உள்ளிழுத்த மூன்றாமவர், 24 வயதுப் பெண், நுரையீரல் சிதைந்து ஜூன் 2 அன்று இறந்தார். அறிக்கை போயிருந்தால் குழு ஆய்வை நிறுத்தியிருக்கும் என்று அடித்துச் சொல்வதற்கில்லை. ஆயினும் இருமலுக்குக் காரணம் என்ன என்று ஒருவரேனும் கேட்டிருக்கக்கூடும். 1950களில் இரத்தக்கொதிப்புக்குத் தரப்பட்ட இதே பொருள் நுரையீரலைக் கெடுத்த செய்தி, தூசி படிந்த பழைய இதழ்களில் கிடந்தது. 1966க்கு முற்பட்டவற்றைக் காட்டாத கணினித் தேடலை நம்பியவர்கள் கண்ணில் அது படவில்லை.

இன்னொரு குழப்பம் சொல்லால் வருவது. கடுமை என்பது துன்பத்தின் அளவு. தீவிரம் என்பது, விதிகளின் நோக்கில், நிகழ்வின் விளைவு. தாங்கொணாத் தலைவலி கடுமையானதாயினும் தீவிரமானதன்று. சிறு மயக்கமேயாயினும் அதன்பொருட்டு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால் அது தீவிர நிகழ்வாகிவிடும். மரணம், உயிருக்கு ஆபத்து, நிலைத்த ஊனம், பிறவிக் குறைபாடு ஆகியனவும் இவ்வகையின. இந்தியாவின் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவிர நிகழ்வை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் நெறிமுறைக் குழுவுக்கும், ஆய்வுக்குப் பொறுப்பேற்ற நிறுவனத்துக்கும், மத்திய உரிம அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். காரணத்தை அலசிய அறிக்கைக்கு 14 நாள் தவணை தனியே உண்டு. ஆகவே முதல் அறிக்கையில், மருந்தோடு தொடர்புண்டா என்னும் இடத்தில், இன்னும் அறியப்படவில்லை என்று எழுதி அன்றே அனுப்புவதில் பிழை ஏதுமில்லை.