உறைப்புக் கறிக்கு எந்தப் போத்தல்?

கோப்பாயில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அடுப்பில் ஆட்டிறைச்சிக் கறி. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து நிற்கும் உறவினர் விமான நிலையத்தில் வாங்கிய சிவப்பு வைனை மேசையில் வைக்கிறார். கபர்னே சொவின்யோன் அல்லது ஷிராஸ், துளியும் இனிப்பில்லாதது, லேபலில் 14 வீதம் மதுசாரம். விலை கூடிய போத்தல்தான். ஆனால் அந்தக் கறிக்கு ஆகப் பொருந்தாததும் அதுதான்.

மிளகாயின் எரிவுக்குக் காரணம் கப்சைசின். மதுசாரம் கூடக்கூட அந்த எரிவும் கூடும். பழத்தின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் தனின் நாக்கை வரட்டிக் கசப்பைத் தூக்கிக் காட்டும். இனிப்பும் குளிர்ச்சியும் எரிவைத் தணிக்கும். ஆகவே யாழ்ப்பாணச் சமையலுக்கு வைன் தெரிவுசெய்யும்போது நாட்டின் பெயரையும் விலையையும் பார்க்குமுன் மதுசார வீதத்தைப் பார்க்க வேண்டும். ஒன்பது, பத்து வீதத்தில் வரும் ஜேர்மன் ரீஸ்லிங்கில் பழத்தின் சீனி முழுதும் நொதிக்காமல் மிஞ்சியிருக்கும். நண்டுக் கறிக்கும் இறால் பொரியலுக்கும் அது நன்றாகச் சேரும். தேசிக்காய் பிழிந்த பொரித்த மீனுக்கும் சொதிக்கும் புளிப்புள்ள சொவின்யோன் பிளாங் போதும். சிவப்புத்தான் வேண்டும் என்பவர்கள் தனின் குறைந்த பினோ நுவாரைத் தேடலாம்.

சிவப்பு வைனை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று சொல்வார்கள். அந்த அறை ஐரோப்பிய வீட்டின் அறை. 16 முதல் 18 பாகை. கோப்பாயின் மத்தியானம் 30 பாகையைத் தாண்டும். அந்தச் சூட்டில் மதுசாரம் மட்டுமே மூக்கில் ஏறும், பழத்தின் மணம் தெரியாது. பரிமாற அரை மணி நேரம் முன்பு குளிரூட்டியில் வைத்தால் அதே போத்தல் வேறு வைன்போல இருக்கும். மிஞ்சியதை மூடிக் குளிரூட்டியிலேயே வைத்து, மூன்று நாளுக்குள் முடிப்பது நல்லது.

இனி, வேலிக்கு அப்பால் நிற்கும் பனையைப் பார்க்கலாம். கள்ளை வைனோடு ஒரே தட்டில் வைத்து நிறுக்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் தேவையற்றது. பாளையிலிருந்து சொட்டும் சாறு முட்டியிலேயே ஈஸ்ட் பட்டு நொதிக்கத் தொடங்கிவிடும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிப்பு நின்று அது கருப்பநீராகும். காலையில் இறக்கிய கள்ளில் இனிப்பு நிற்கும். பின்னேரம் புளிப்பு ஏறும். அடுத்த நாள் வினாகிரிப் பக்கம் போய்விடும். பனையோலைப் பிளாவில் வார்க்கும்போது வெள்ளை நுரை விளிம்புவரை எழும்பி, மெல்லச் சீறி அடங்கும். மதுசாரம் ஏறத்தாழ 4 முதல் 6 வீதம்தான். ஒடியல் கூழை எடுத்துக்கொள்வோம்: பழப்புளி, செத்தல் மிளகாய், நண்டு, இறால், பலாக்கொட்டை எல்லாம் ஒரே பானையில். புளிப்புக் குறைந்த வைன் இதற்கு முன்னால் தண்ணீர்போல ஆகிவிடும். கள்ளுக்கோ தன் புளிப்பும் கொஞ்ச இனிப்பும் வாயுவும் இருக்கின்றன. கூழுக்கு ஈடுகொடுக்க உலகத்தின் எந்தப் போத்தலையும்விட அது முந்தி நிற்கும்.

குறை ஒன்று உண்டு: கள் காத்திருக்காது. கூட்டுறவுச் சங்கத்துத் தவறணையில் அன்றன்றைக்கு இறங்கியதை அன்றைக்கே குடிக்க வேண்டும். பனையின் பருவம் முடிந்தால் தென்னங்கள்தான். போத்தலில் அடைத்த கள் சூடேற்றி நொதிப்பை நிறுத்தியது. கன நாள் இருக்கும், அந்த உயிர்த்துடிப்பு இருக்காது.

மூன்றாவது தெரிவு யாழ்ப்பாண நகரிலுள்ள றோசேரியன் கன்னியர் மடத்தின் ‘றொசெற்ரோ’ வைன். றோசேரியன் சபையின் தொடக்கம் தோமஸ் அடிகளார் 1928இல் தோலகட்டியில் நிறுவிய ஆச்சிரமம். றொசெற்ரோ இனிப்பானது, கறுவாவும் கராம்பும் மணப்பது. சோற்றோடு குடிக்க அது கனதி. சாப்பாடு முடிந்தபின் சிறிய கிளாசில் கிறிஸ்மஸ் கேக்கோடு குடித்துப் பார்க்க வேண்டும். பலகாரத்தைவிட வைன் இனிப்பாக இருந்தால்தான் வைன் புளிக்காது. இதில் அந்தப் பயமில்லை. இறைச்சிச் சரக்குத் தூக்கலாகப் போட்ட பிரட்டலோடு நன்கு குளிரவைத்தும் சிலருக்குப் பிடிக்கும்.

அளவில் கள் ஏமாற்றும். 12 வீத வைன் 150 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 14 கிராம் மதுசாரம். 5 வீதக் கள்ளில் அதே அளவு 360 மில்லிலீற்றரில் வந்துவிடும். 750 மில்லிலீற்றர் கள்ளுப் போத்தல் முழுவதையும் குடித்தவர் இரண்டு கிளாஸ் வைன் குடித்தவர்தான். மதுசாரத்தில் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. குடிப்பவர்கள் சாப்பாட்டோடு, மெதுவாக, பக்கத்தில் தண்ணீரும் வைத்துக் குடிக்கட்டும். மோட்டார் சைக்கிள் சாவியை வீட்டில் வேறொருவர் வைத்திருக்கட்டும். போயா தினத்தில் மதுக்கடைகள் பூட்டு என்பதையும் விருந்துக்கு நாள் குறிக்கும்போது நினைக்க வேண்டும்.

குடிக்காதவர்களுக்கு வெறும் சோடாவை நீட்டுவது சரியான உபசாரமாகாது. அதே மடத்து நெல்லிக்கிறஷ்ஷைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்தால், இனிப்பும் புளிப்பும் சேர்ந்து ஆட்டிறைச்சிக் கறியின் உறைப்பை அந்த 14 வீதச் சிவப்பு வைனைவிட நன்றாகத் தாங்கும். பருவத்தில் கருப்பநீர் கிடைத்தால் காலையிலேயே வாங்கிக் குளிரவைத்து, மத்தியானத்துக்குள் பரிமாறிவிடலாம்.